கல்கிசைக் கரையில் கரைக்கோடு வரைதல்: ஆசிரிய மாணவருக்கான ஆய்வு வழிகாட்டி

பட்டப்பின் கல்வி டிப்ளோமா பயிலும் புவியியல் ஆசிரியர்களும் அவர்களை வழிநடத்தும் விரிவுரையாளர்களும் கொழும்பின் கரையோரத்தில் ஒரு சிற்றாய்வை எவ்வாறு நடத்தலாம் என்பதை இங்கே எழுதுகிறேன். இவ்வாய்வுக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. கரைக்கோடு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளப்பது ஒன்று. அவ்வாறு அளந்து பார்த்த பின்னர் அந்த ஆசிரியர் வகுப்பில் கற்பிக்கும் முறையில் என்ன மாறுகிறது என்று ஆராய்வது மற்றையது. இரண்டாவதற்காகவே முதலாவதைச் செய்கிறோம். இதை மறந்துவிட்டால் முடிவில் கையில் ஒரு வரைபடம் மட்டுமே மிஞ்சும்.

முதலில் இடத்தைத் தெரிவு செய்யுங்கள். பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் கடலை ஒட்டியே புகையிரதப் பாதை செல்வதால், அதைக் காக்கப் போட்ட கருங்கற்களே பல இடங்களில் கரையாக இருக்கின்றன. அங்கு அளந்தால் கடலின் வேலையை அல்ல, கல்லின் இருப்பையே அளந்தவர்களாவோம். கல்கிசையில் மணற்கரை உண்டு. ஆகவே தொடங்குவோருக்கு அது பொருத்தமான இடம். ஆயினும் 2020 இல் அங்கே செயற்கையாக மணல் இடப்பட்டதை மனத்தில் கொள்ளாமல் அதற்கு முந்திய செய்மதிப் படத்தையும் பிந்திய செய்மதிப் படத்தையும் ஒப்பிட்டால், மனிதர் கொண்டுவந்து கொட்டிய மணலைக் கடல் தந்த மணலாக எண்ணிவிடுவோம். கரைக்குச் செல்லப் புகையிரதப் பாதையைக் கடக்க நேர்ந்தால் குழுவாகக் கடந்து, முன்னும் பின்னும் ஒருவர் நின்று பார்க்க வேண்டும்.

அடுத்தது இந்த ஆய்வின் உயிர்நாடியான கேள்வி: கரைக்கோடு என்று நாம் எதைச் சொல்கிறோம்? ஒருமுறை என் குழுவைக் கல்கிசைக்கு அழைத்துச் சென்று, கரைக்கோட்டில் ஆளுக்கொரு முளை அடிக்கச் சொன்னேன். “மிஸ், ஈரம் முடியிற இடம்தானே கரை?” என்று கேட்டபடி ஒருவர் அடித்தார். “இல்லை மிஸ், குப்பை ஒதுங்கிக் கிடக்கிற கோடுதான்” என்று மற்றவர் மேலே ஏறி அடித்தார். நாடாவைப் பிடித்துப் பார்த்தபோது இரு முளைகளுக்கும் இடையில் 6 மீற்றருக்கு மேல் இருந்தது. இருவரும் பிழை செய்யவில்லை. பாடநூலில் ஒரே மெல்லிய கோடாக அச்சிடப்பட்டிருக்கும் கரை, மணலில் நின்று பார்க்கும்போது ஒரு பட்டையாக விரிகிறது. ஆகவே ஈரமணலும் உலர்மணலும் பிரியும் எல்லையையோ, கடைசிப் பெருக்கில் குப்பை ஒதுங்கிய கோட்டையோ, மணலில் செடி தொடங்கும் விளிம்பையோ ஒன்றைத் தெரிந்து எழுதிவைத்துக்கொண்டு, ஆய்வு முடியும்வரை அதையே பின்பற்றுங்கள்.

வற்றுப்பெருக்கையும் கணக்கில் எடுக்க வேண்டும். கொழும்பில் அதன் வீச்சு ஒரு மீற்றருக்கும் குறைவுதான். ஆனாலும் 10 மீற்றர் தூரத்தில் 1 மீற்றர் இறங்கும் சரிவுள்ள கரையில், நீர்மட்டம் அரை மீற்றர் ஏறினாலே நீரின் விளிம்பு 5 மீற்றர் உள்ளே வந்துவிடும். பருவகாலத்தின் விளைவு இதைவிடப் பெரிது. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகள் மேற்குக் கரையின் மணலை அரித்துச் செல்ல, கடல் அமைதியாகும் மாதங்களில் அதில் பெரும்பகுதி திரும்பி வருகிறது. ஓர் ஆண்டின் பெப்ரவரியை இன்னோர் ஆண்டின் ஓகஸ்டுடன் ஒப்பிட்டு “கரை அரிக்கப்பட்டது” என்று எழுதுவதைவிடப் பெரிய தவறு இத்துறையில் இல்லை என்பேன். எப்போதும் ஒரே மாதத்தோடு ஒரே மாதத்தை ஒப்பிடுங்கள். முகில் குறைந்த செய்மதிப் படங்கள் சனவரி முதல் மார்ச் வரை கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

கள அளவீட்டுக்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. கடல்சார் புவிச்சரிதவியலாளர் எமெறி 1961 இல் விளக்கிய இருகம்பு முறை போதும். ஒரே நீளமுள்ள இரண்டு கம்புகளில் சென்ரிமீற்றர் அளவைக் குறித்து, இரண்டு மீற்றர் கயிற்றால் அவற்றுக்கிடையிலான தூரத்தை நிலைப்படுத்துங்கள். தரைப்பக்கக் கம்பருகே நிற்பவர், கடற்பக்கக் கம்பின் உச்சியும் தொடுவானமும் ஒரே கோட்டில் அமையுமாறு பார்க்க வேண்டும். அந்தப் பார்வைக்கோடு தம் கம்பை வெட்டும் இடம் உச்சியிலிருந்து எத்தனை சென்ரிமீற்றர் கீழே இருக்கிறதோ, அவ்வளவுக்குத் தரை அங்கே தாழ்ந்திருக்கிறது. கம்புகளை இரண்டிரண்டு மீற்றராக நகர்த்தி நீர்வரை சென்றால் கரையின் குறுக்குத்தோற்றம் கிடைத்துவிடும். பாடசாலை மாணவருக்கும் இதை ஒரே நாளில் பழக்கலாம்.

செய்மதிப் படம் சிறு சதுரங்களால், அதாவது பிக்சல்களால், ஆனது. சென்டினல்-2 செய்மதியின் பிக்சல் பக்கம் 10 மீற்றர், லாண்ட்சாட் செய்மதியினுடையது 30 மீற்றர். இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. கட்டணமற்ற கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில், செய்மதி பச்சை ஒளியில் பதிந்த பட்டையின் பெறுமானத்திலிருந்து, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியில் பதிந்த பட்டையின் பெறுமானத்தைக் கழித்து, வரும் விடையை அவ்விரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் நீர்ச்சுட்டி கிடைக்கும். நீர் பெரும்பாலும் நேர்ப் பெறுமானமும் நிலம் எதிர்ப் பெறுமானமும் பெறுவதால், இரண்டுக்கும் இடையிலான எல்லையைக் கோடாக எடுக்கலாம். முதற்பயிற்சியைக் காலிமுகத்திடலுக்கு முன்னால் 269 ஹெக்டேயர் பரப்பில் கடலை நிரப்பி உருவாக்கிய துறைமுக நகரில் செய்யுங்கள். நிரப்பும் வேலைக்கு முந்திய படத்தையும் பிந்திய படத்தையும் வைத்தால் எவருக்கும் மாற்றம் பளிச்சென்று தெரியும். அதன் பின்னர் கல்கிசைக்கு வாருங்கள். அங்கே எட்டு ஆண்டுகளில் கோடு 4 மீற்றர் உள்வாங்கியதாக சென்டினல் படம் காட்டினால், அது அரைப் பிக்சலுக்கும் குறைவானது. அதை அரிப்பு என்று அறிக்கையில் எழுதும் உரிமை நமக்கு இல்லை.

இனி ஆசிரியக் கல்விப் பக்கம். பாட அறிவையும் கற்பிக்கும் திறனையும் தனித்தனியே வைக்காமல், ஒரு பாடத்தைக் கற்பிப்பதற்கே உரிய அறிவு ஒன்று உண்டு என்று அமெரிக்கக் கல்வி உளவியலாளர் லீ ஷுல்மன் 1986 இல் எடுத்துரைத்தார். அதைக் காண எளிய வழி, களத்துக்குப் போகுமுன் ஒவ்வொருவரிடமும் கரையோரம் பற்றி வகுப்பில் நடத்தும் ஒரு பாடத்துக்கான திட்டத்தை எழுதி வாங்கி, திரும்பிய இரு வாரங்களின் பின் மீண்டும் எழுதச் சொல்வது. “கரை ஆண்டுக்கு இவ்வளவு அரிக்கப்படுகிறது” என்று தகவல் சொல்லும் வரிகள் குறைந்து, “இது நமக்கு எப்படித் தெரியும்?” என்று மாணவரைக் கேட்கும் வரிகள் கூடியுள்ளனவா என்று பாருங்கள். இரு வாசிப்பாளர்கள் இவ்வரிகளைத் தனித்தனியே வகைப்படுத்திய பின்னரே முடிவுகளை ஒப்பிட வேண்டும். ஆசிரிய மாணவரிடம் எழுத்து மூலச் சம்மதம் பெறுவது கட்டாயம். அவர்களுக்குப் புள்ளியிடும் விரிவுரையாளரே இத்தரவைச் சேகரித்தால், அவரைத் திருப்திப்படுத்தும் விடைகளே வரும். ஆகவே அப்பணியை வேறொருவரிடம் ஒப்படையுங்கள்.

கரையை விட்டு வருமுன், அளவீடு தொடங்கிய புள்ளியை அசையாத ஒரு சுவரிலோ கற்கட்டிலோ அடையாளம் கண்டு ஒளிப்படம் எடுத்து, திகதி, நேரம், தெரிவுசெய்த கரைக்கோட்டின் வரையறை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் பதிந்து துறை நூலகத்தில் வையுங்கள். அடுத்த ஆண்டு வரும் அணி அதே இடத்தில், அதே மாதத்தில் கம்பை ஊன்ற இவை வேண்டும்.