துணி வெள்ளையாக வரும் வரை

என் .308 ரைஃபிளில் குறி சிதற ஆரம்பித்தது. ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) திருகுகள் இறுக்கமாகத்தான் இருந்தன. டார்ச் அடித்துப் பார்த்தால் குழலுக்குள் செம்புநிறக் கோடுகள்.

சுடச்சுட வெடிமருந்தின் கரியும் குண்டின் மேலுறைச் செம்பும் குழலுக்குள் அடுக்கடுக்காகப் படியும், ஒரே கரைப்பானில் போகாது. தோட்டா இல்லையென உறுதிசெய்து போல்ட்டை (குழலின் பின்பக்கத்தை மூடும் பாகம்) கழற்றி, பின்பக்கமாகவே துடைக்கும் கம்பியை விட்டேன். முன்வாய் விளிம்பு உரசினால் குறி போச்சு. முதலில் கரியைக் கரைக்கும் கார்பன் சால்வென்ட், வெண்கல பிரஷ். கறுப்பு குறைந்ததும் அமோனியா கலந்த செம்புக் கரைப்பான். இதற்கு நைலான் பிரஷ்தான் சரி. வெண்கலத்திலும் செம்பு இருப்பதால் அதுவே கரைந்து, துடைக்கும் துணியை நீலமாக்கி, குழலில் இன்னும் செம்பு இருப்பதுபோல் ஏமாற்றிவிடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், நெடி தாங்காது. டப்பாவில் குறிப்பிட்டிருக்கும் நேரத்துக்கு மேல் ஊறவிட வேண்டாம்.

கரும்பச்சை, நீலம், இளநீலம் என்று துணி மாறியது. நடுவில் மறுபடி கரி. மறுபடி கார்பன் சால்வென்ட், மறுபடி செம்புக் கரைப்பான். கடைசியில் துணி வெள்ளையாக வந்ததும் உலரத் துடைத்து லேசாக எண்ணெய் விட்டேன். அடுத்த முறை சுட்டபோது முதல் சில குண்டுகள் கொஞ்சம் விலகின, அப்புறம் நெருங்கிவிட்டன.