ஓவியம் உரிந்த சுவரும் இடம் மாறிய பாத்தியும்

குப்பைமேடாகக் கிடந்த மூலையைச் சுத்தம் செய்து, பின்சுவரில் பெரிய ஓவியம் தீட்டி, அதன் அடியிலேயே செடிகளும் நட்டோம். இரண்டே மாதங்களில் ஓவியத்தின் கீழ்ப்பகுதி கொப்புளம் கொப்புளமாக உப்பி உரியத் தொடங்கியது. மட்டமான பெயிண்ட் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள், நானும் நம்பிவிட்டேன். சுரண்டிவிட்டு விலை கூடிய பெயிண்டை அடித்தோம். அதுவும் உரிந்தது.

உரிந்த இடத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்ததைப் பார்த்த பிறகுதான் புத்தி வந்தது. பாத்தி மண்ணைச் சுவரோடு ஒட்டிக் குவித்திருந்தோம். தினமும் ஊற்றிய தண்ணீரைச் செங்கல் உறிஞ்சி மேலே ஏற்றியது. பிளாஸ்டிக் படலம் போலப் படியும் எமல்ஷன் பெயிண்ட் அந்த ஈரத்தை வெளியேற விடவில்லை. ஓவியத்தைக் கெடுத்தது எங்கள் தோட்டமேதான்.

மண்ணை வாரி, சுவருக்கும் பாத்திக்கும் நடுவே 40 செ.மீ. இடைவெளி விட்டு ஜல்லி பரப்பினோம். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்தெடுத்தோம். தண்ணீரில் கழுவினால் கரைந்து மீண்டும் உள்ளே இறங்கிவிடும். சுவர் காய மூன்று மாதம் பிடித்தது. ஓவியர்கள் என்னிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டார்கள்! கீழ்ப்பகுதிக்கு மட்டும் ஈரத்தை வெளிவிடும் சுண்ணாம்புப் பூச்சு. வண்ணங்கள் சற்று மங்கல்தான், எனக்கு அதுவே பிடித்திருக்கிறது.

கீரைகளைப் புதுமண் நிரப்பிய மரப்பெட்டிகளுக்கு மாற்றினோம். சுவரில் முன்பே இருந்த பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். சுரண்டிய தூள் விழுந்த மண்ணில் விளைந்ததைத் தின்ன மனம் வரவில்லை. சுவர்ப் பக்கம் கொடி வேண்டாம் என்று சொல்லியும் ஒருவர் நட்டுவிட்டார். அதை வாரம் ஒருமுறை கத்தரித்துக்கொண்டிருக்கிறேன்.