துன்ஹுவாங்: ஒரு சிறிய சீன நகரைக் கற்கும் முறை

திருகோணமலையில் உயர்தரத்தில் புவியியலோ வரலாறோ கற்கும் மாணவர்கள், ஒப்படைக்காகச் சீனாவின் துன்ஹுவாங்கைத் தெரிவுசெய்தால், புகழ்பெற்ற அதன் குகைகளை விட்டு முதலில் தண்ணீரைத் தேடுவதே நன்று. ஆண்டுக்கு 50 மில்லிமீற்றர் மழைகூடக் காணாத பாலைநிலத்தில் அவ்வூர் நிலைத்திருப்பதற்கு, சீலியான் மலைத்தொடரின் உருகுபனியைச் சுமந்துவரும் தாங் ஆறே காரணம். ஆகவே வரைபடத்தில் ஆற்றையும் அதையொட்டிய பசுந்திட்டையும் முதலில் குறித்துவிட்டு, மணல்மேடுகளையும் பழைய வணிகப் பாதைகளையும் பின்னர் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நிர்வாகம். கான்சு மாகாணம், அதன்கீழ் ஜியூச்சுவான் நகரம், அதன்கீழ் துன்ஹுவாங் நகரம் என்ற படிநிலை நம்மவரைக் குழப்பக்கூடும். சீனாவில் நகரம் எனப்படும் நிர்வாக அலகு, சூழவுள்ள கிராமங்களையும் வயல்களையும் பாலைவனத்தையும் உள்ளடக்கியது. திருகோணமலை மாவட்டம் முழுவதுமே 2,727 சதுர கிலோமீற்றர்தான். துன்ஹுவாங்கோ ஏறத்தாழ 31,200 சதுர கிலோமீற்றர் பரந்திருந்தும், 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் சுமார் 185,000 பேரே. சனத்தொகை அடர்த்தியைக் கணித்து எழுதும்போது, அம்மக்களில் பெரும்பாலானோர் ஆற்றுப் பசுந்திட்டிலேயே செறிந்து வாழ்கின்றனர் என்பதையும் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

மரபுரிமைக்குக் கூடுதல் பக்கங்களை ஒதுக்கலாம். நகரிலிருந்து தென்கிழக்கே 25 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மொகாவோ குகைத்தொகுதியில், கி.பி. 366இல் ஒரு பௌத்தத் துறவி முதற்குகையைக் குடைந்தார் என்பது மரபு. சுவரோவியங்களும் சிற்பங்களும் கொண்ட 492 குகைகள் இன்று அங்குள்ளன. யுனெஸ்கோ 1987இல் அவற்றை உலக மரபுரிமையாக அறிவித்தது. 17ஆம் இலக்கக் குகையைத் தனியே ஆராயுங்கள். 16ஆம் குகையின் நடைவழிச் சுவருக்குப் பின்னே மூடப்பட்டிருந்த அச்சிற்றறை 1900இல் திறக்கப்பட்டபோது, பல்லாயிரம் சுவடிகள் அடுக்கடுக்காக வெளிப்பட்டன. தன் பெற்றோரின் நலன் வேண்டி ஒருவர் 868இல் அச்சிடுவித்த வஜ்ரச்சேதிகா சூத்திரம் என்ற பௌத்த நூலும் அவற்றில் ஒன்று. அச்சிட்ட நாள் அதிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சுவடி இன்று இலண்டனில் உள்ளது; ஏனையவை பாரிஸ், பெய்ஜிங் முதலான நகரங்களில் சிதறிக் கிடக்கின்றன. இடிக்கப்பட்ட கோணேசர் கோயிலின் கற்களைத் திருகோணமலைக் கோட்டையில் காணும் நமக்கு இவ்விழப்பு எளிதில் விளங்கும். எனவே எது எங்கே இருக்கிறது என்பதைத் தனி அட்டவணையாகத் தாருங்கள்.

இலங்கைத் தொடர்பையும் விட்டுவிடாதீர்கள். 399இல் புறப்பட்ட சீனத் துறவி பாஹியன் துன்ஹுவாங்கில் தங்கி, அவ்வூர் ஆளுநரின் உதவியுடன் பாலைவனத்தைக் கடந்து இந்தியா சென்று, பின்னர் இலங்கையில் இரண்டாண்டுகள் வாழ்ந்தார். அவர் தரைவழியே சென்று கடல்வழியே திரும்பிய பாதையை ஆசிய வரைபடமொன்றில் வரைந்து இணையுங்கள்.