‘பேக்கப் இருக்கிறதே!’: ஏடிசி சிஸ்டம் மாற்றத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு (ஏடிசி) ஆட்டோமேஷனைப் புதுப்பிக்க வரும் ஒவ்வொரு புது டீமும் ஏறக்குறைய ஒரே டெஸ்ட் பிளானைத்தான் கொண்டுவருகிறது. ரேடார் வருகிறதா, ஃப்ளைட் பிளான் விழுகிறதா, திரையில் விமானத்தின் லேபிள் சரியாக ஒட்டுகிறதா? இதையெல்லாம் சொல்லாமலே செய்துவிடுவார்கள், விட்டுவிடலாம். விசாரணை அறிக்கைகள் வெளிவந்து, எல்லோரும் படித்துத் தலையாட்டிய பிறகும் திரும்பத் திரும்ப நடக்கிற தவறுகள் வேறு.

ஒரே சாஃப்ட்வேர் ஓடும் பேக்கப்பை நம்புவது

டெஸ்ட் ரிப்போர்ட்டில் ‘ஃபெயில்ஓவர் (மெயின் விழுந்தால் பேக்கப் எடுத்துக்கொள்வது): பாஸ்’ என்று ஒரு வரி இருக்கும். எப்படிச் சோதித்தீர்கள் என்று கேட்டால், மெயின் சர்வரின் பவரைப் பிடுங்கினோம், பேக்கப் உடனே எடுத்துக்கொண்டது என்பார்கள். ஹார்டுவேர் பழுதுக்கு அது சரி. உள்ளே வந்த டேட்டாவே சர்வரைக் கவிழ்த்தால்?

2023 ஆகஸ்ட் 28, பிரிட்டன். லாஸ் ஏஞ்சலிசிலிருந்து பாரிஸ் போகும் ஒரு விமானத்தின் ஃப்ளைட் பிளான் வந்தது. அதில் ‘டிவிஎல்’ என்ற குறியீட்டில் இரண்டு வழிப்புள்ளிகள்: ஒன்று அமெரிக்காவின் டெவில்ஸ் லேக், இன்னொன்று பிரான்சின் டோவில். விமானம் பிரிட்டன் வான்வெளியை விட்டு வெளியேறும் புள்ளியைத் தேடிய சாஃப்ட்வேர், அமெரிக்காவில் இருப்பதை எடுத்துக்கொண்டது. நுழைவதற்கு முன்பே வெளியேறுவதாகக் கணக்கு வந்தது. தப்பான டேட்டாவை கன்ட்ரோலருக்கு அனுப்பக் கூடாது என்று மெயின் சிஸ்டம் தானே நின்றுகொண்டது. பேக்கப் எழுந்தது, அதே பிளானை எடுத்தது, அதுவும் நின்றது. எல்லாம் 20 நொடிக்குள். ஒரு கோடியே ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிளான்களைப் பிசகில்லாமல் கையாண்ட சிஸ்டம் அது. பாதிக்கப்பட்ட பயணிகள் ஏழு லட்சம் பேருக்கு மேல்.

2014 டிசம்பர் 12, அதே நாட்டின் ஸ்வான்விக் மையத்திலும் இதே கதைதான். பணியிடங்களின் உச்ச எண்ணிக்கை 193 என்று சாஃப்ட்வேரில் ஓரிடத்தில் இருந்தது. இன்னோரிடத்தில் 151 என்று இருந்தது. 1990களிலிருந்து தூங்கிக்கொண்டிருந்த பிழை. முதல் நாள் இராணுவ கன்ட்ரோலர்களுக்கான பணியிடங்களைச் சேர்க்கவும் எண்ணிக்கை 151ஐத் தாண்டியது. மெயின் போனது, பின்னாலேயே பேக்கப்பும் போனது.

இத்தனைக்குப் பிறகும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ‘பாஸ்’ போடுவதைப் பார்த்தால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்? செய்ய வேண்டியது இது. பதிவுசெய்து வைத்த நிஜப் போக்குவரத்தை ஓட்டுங்கள். நடுவில் கெட்டுப்போன பிளான்களை வேண்டுமென்றே செருகுங்கள். ஒரே பெயரில் இரண்டு புள்ளிகள், உயரம் குறிப்பிடாத பிளான், எல்லையை விட்டுப் போய் மறுபடி உள்ளே வரும் பாதை, யுடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவைத் தாண்டும் விமானம், ஒரே டிரான்ஸ்பாண்டர் கோடில் (ரேடாரில் விமானத்தை அடையாளம் காட்டும் எண்) இரண்டு விமானம். ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி. அந்த ஒரு பிளான் மட்டும் ஒதுக்கி வைக்கப்பட்டு மற்றவை ஓடுகின்றனவா? பேக்கப் எழுந்ததும் அதே பிளானை மறுபடி விழுங்குகிறதா? எந்த பிளானால் நின்றது என்பது இரவு ஷிப்டில் இருக்கும் இன்ஜினியரின் திரையிலேயே தெரிகிறதா, இல்லை தயாரித்த கம்பெனிக்காரர் லாகைத் தோண்டினால்தான் தெரியுமா?

மூன்றாவதை அலட்சியமாக விடாதீர்கள். 2023ல் கையில் நான்கு மணி நேர ஃப்ளைட் பிளான் இருப்பு இருந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்கிற வேகத்தை விட அது வேகமாகத் தீர்ந்தது.

எண்ணிக்கை வரம்பு எதுவானாலும் வரம்புக்கு ஒன்று குறைவாக, சரியாக வரம்பில், ஒன்று கூடுதலாக என மூன்று தடவை ஓட்டுங்கள். 150, 151, 152 என்று யாராவது ஓட்டியிருந்தால் ஸ்வான்விக் பிழை டெஸ்ட் பெஞ்சிலேயே பிடிபட்டிருக்கும்.

ஷேடோ மோடில் ஓடியதே போதும் என்பது

ஷேடோ மோடில், அதாவது பழையதன் நிழலாக ஓடும்போது, புது சிஸ்டத்துக்கு நிஜ ரேடாரும் நிஜ பிளானும் வரும். கன்ட்ரோலர்கள் பழைய திரையிலேயே வேலை பார்ப்பார்கள், புதியதில் யாரும் கை வைக்க மாட்டார்கள். ஆகவே கைபட்டால் வரும் கோளாறு எதுவும் வெளியே வராது. 2015 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மையத்தில் ‘இராம்’ என்ற புது ஏடிசி சிஸ்டம் முடங்கியதற்குக் காரணம், கன்ட்ரோலர்கள் தங்களுக்கு வேண்டிய விண்டோவை அமைத்துச் சேமிக்க உதவும் புது வசதி. சேமித்ததை அழித்த பிறகும் அது மெமரியில் தங்கியது. சேர்ந்து சேர்ந்து வரம்பை முட்டியது. ஷேடோ நாட்களில் சில செக்டர்களிலாவது (வான்வெளிப் பிரிவுகள்) ஆள் உட்கார்ந்து, உச்ச நேர வேகத்தில் தட்டட்டும். ஓடும் நாட்களை எண்ணும்போதே மெமரி அளவையும் தினம் குறித்து வையுங்கள்.

டெஸ்ட் சென்டரில் பாஸ் ஆனதை மையத்தில் பாஸ் என்று நினைப்பது

இராம் நியூ ஜெர்சி சோதனை மையத்தைத் தாண்டி சால்ட் லேக் சிட்டிக்குப் போனபோது, ஒரு விமானத்தின் தகவல் இன்னொரு விமானத்தில் ஒட்டிக்கொண்ட பிழைகளும் வெளிப்பட்டன. 2010ல் முடிய வேண்டிய திட்டம் 2015 மார்ச்சில் முடிந்தது. பக்கத்து மையத்தின் பழைய சிஸ்டத்தோடு ஹேண்ட்ஆஃபை (விமானத்தை ஒரு மையம் இன்னொன்றிடம் ஒப்படைப்பது) இரண்டு திசையிலும் சோதியுங்கள்.

சத்தம் போடும் அலாரத்தை டேட்டாவில் அடக்குவது

பசிபிக் தீவான குவாமில், விமானம் அளவுக்கு மீறித் தாழ்ந்தால் கன்ட்ரோலரை எச்சரிக்கும் அலாரம் தேவையில்லாமல் கத்துகிறது என்று 54 நாட்டிகல் மைல் ஆரத்துக்குள் அணைத்துவைத்தார்கள். அலாரம் வேலைசெய்ய மிஞ்சியது 54க்கும் 55க்கும் இடைப்பட்ட ஒரு வளையம். 1995 ஜூலையில் நடந்த ஆய்வில் அது குறிக்கப்பட்டது, திருத்தப்படவில்லை. 1997 ஆகஸ்ட் 6ல் கொரியன் ஏர் 801 மலையில் மோதி 228 பேர் இறந்தார்கள். விபத்துக்கு விமானி விமானத்தைத் தரையிறக்க முயன்ற விதம் உட்பட வேறு காரணங்களும் உண்டு. ஆனால் கத்த வேண்டிய அலாரம் கத்தவில்லை. அணைத்துவைத்த அலாரம் ஒவ்வொன்றுக்கும் காரணம், கையெழுத்து, காலாவதித் தேதி வேண்டும்.

ரீபூட்டை நடைமுறையாக்குவது

லாஸ் ஏஞ்சலிஸ் மையத்தின் ரேடியோ சிஸ்டத்தில் நேரத்தை எண்ணும் கவுண்டர் 49.7 நாளில் நிரம்பும். 30 நாளுக்கொரு முறை ரீஸ்டார்ட் செய்யச் சொன்னார்கள், ஒரு தடவை விட்டுப்போனது; 2004 செப்டம்பர் 14ல் ரேடியோ அடங்கியது.

சனிக்கிழமை இரவு கட்ஓவர் (புது சிஸ்டத்துக்கு மாறுவது), ஞாயிறு லீவு

கூடாது. முதல் உச்ச நேரம் முடியும்வரை டெவலப்பர் கட்டடத்துக்குள் இருக்க வேண்டும்.

திரும்பிப் போகும் வழியை ஒத்திகை பார்க்காதது

ரோல்பேக் பட்டன் இருக்கிறது என்றால் போதாது. புது சிஸ்டத்துக்கு மாறி மூன்று மணி நேரம் கழித்துப் பழையதற்குத் திரும்பினால், அதற்குள் மாற்றிய உயரங்கள், பாதைகள், ஒதுக்கிய டிரான்ஸ்பாண்டர் கோடுகள் எல்லாம் பழையதில் இருக்குமா? இருக்காது என்றால் எத்தனை பிளானைக் கையால் தட்ட வேண்டும், யார் தட்டுவது, அதுவரை நிமிடத்துக்கு எத்தனை விமானத்தை உள்ளே விடுவது என்ற அளவைக் கட்ஓவருக்கு முன்பே எழுதிக் கன்ட்ரோல் ரூம் மேஜையில் வையுங்கள்.