பரம்பரையாக வந்த சீன வார்ப்புக் காசு: மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கிலும் ரங்கூனிலும் முன்னோர் தொழில் செய்த குடும்பங்களின் பழைய பெட்டிகளில், நடுவே சதுரத் துளையிட்ட சீனக் காசு ஒன்றிரண்டு கிடைப்பதுண்டு. அதை எடுத்தவுடன் எழும் முதல் கேள்வி, என்ன விலை போகும் என்பதுதான். அது எந்தக் காசு என்று தெரியுமுன்னே விலையைத் தேடத் தொடங்குவதால்தான் மற்றத் தவறுகளில் பெரும்பாலானவை நேர்கின்றன.

அவற்றுள் திருத்தவே முடியாத தவறு, காசைத் துலக்குவது. பித்தளைக் குடத்துக்குச் செய்வதுபோலப் புளியோ எலுமிச்சையோ இட்டுத் தேய்த்தால், நெடுங்காலமாகப் படிந்த பச்சையும் பழுப்புமான படலம் போய்விடும். காசின் பழமைக்கு அந்தப் படலமே முக்கியமான சான்று; துலக்கிய காசைச் சேகரிப்பாளர்கள் பார்த்தவுடன் கண்டுகொள்வார்கள், விலையையும் குறைப்பார்கள். வெளிர்பச்சைத் தூளாக உதிரும் களிம்பு மட்டும் வேறு வகை. ஈரத்தில் அது உலோகத்தை அரித்துக்கொண்டே போகும் என்பதால், அத்தகைய காசைப் பிரித்து உலர்வான இடத்தில் வைத்துப் பாதுகாப்பு வல்லுநரிடம் காட்ட வேண்டும். பி.வி.சி. உறைகளில் எந்தக் காசையும் நெடுநாள் வைக்கக் கூடாது.

பழமை கூடக் கூட விலையும் கூடும் என்று நம்புவது அடுத்த தவறு. சீனாவை ஆண்ட வட சோங் அரசில், யுவான்ஃபெங் என்று பேரரசர் தம் ஆட்சிக்குப் பெயர் சூட்டிய ஆண்டுகளில் (1078–1085), ஓராண்டில் ஐம்பது இலட்சம் கோவைக்கு மேல் காசு வார்க்கப்பட்டது; ஒரு கோவை என்பது பெயரளவில் ஆயிரம் காசு. தஞ்சைப் பகுதியிலும் இலங்கையின் யாப்பகூவவிலும் சோங் காசுகள் கிடைத்திருக்கின்றன என்பதிலிருந்தே அவை எவ்வளவு பெருகிப் பரவின என்பது விளங்கும். ஆகவே தொள்ளாயிரம் ஆண்டுப் பழமையுள்ள சாதாரண சோங் காசு மலிவாகவே கிடைக்கிறது. 1861இல் வார்க்கப்பட்டு, ஆட்சிப் பெயர் மாறியதால் புழக்கத்துக்கே ஏறக்குறைய வராமல் போன சிசியாங் காசோ மிக அரியது.

முன்பக்கத்தின் நான்கு எழுத்துகளை மட்டும் படித்து முடிவுக்கு வருவதும் போதாது. சீனாவின் கடைசி அரச மரபான சிங் காலக் காசுகளின் பின்புறத்தில் உள்ள, அந்த மரபினரின் தாய்மொழியான மஞ்சு மொழி எழுத்துகளே அது எந்த வார்ப்புச்சாலையைச் சேர்ந்தது என்று சொல்லும். ஒரே ஆட்சிப் பெயர் தாங்கிய இரு காசுகளுக்குள் விலை பெரிதும் வேறுபட அதுவும் ஒரு காரணம். சதுரத் துளையைக் கண்டதும் சீனம் என்று முடிவுகட்டவும் கூடாது. கொரியா, ஜப்பான், வியட்நாம் ஆகிய நாடுகளிலும் இவ்வாறே வார்த்தார்கள். நாகசாகியில் 1659 முதல் 1685 வரை, வெளிநாட்டு வணிகத்துக்கென்றே சோங் ஆட்சிப் பெயர் பொறித்த காசுகள் வார்க்கப்பட்டன.

போலியை அறிய, வார்ப்பு முறை தெரிந்திருக்க வேண்டும். நேர்த்தியாகச் செதுக்கிய தாய்க்காசுகளை, அதாவது மாதிரிக் காசுகளை, நுண்மணலில் பதித்து, அந்தப் பதிவில் உருக்கிய உலோகத்தை ஊற்றினார்கள்; கிளைகளில் காய்த்ததுபோல் வந்த காசுகளை ஒடித்தெடுத்து, சதுரக் கம்பியில் கோத்து விளிம்பை அராவினார்கள். ஆறும்போது உலோகம் சுருங்குவதால், உண்மைக் காசை அச்சாக வைத்து வார்த்த போலி சற்றே சிறுத்தும் எழுத்து மழுங்கியும் இருக்கும். எனவே நகைக்கடைத் தராசில் எடையையும் வெர்னியர் அளவியில் விட்டத்தையும் குறித்துக்கொள்வது நல்லது. ஆனால் சிறுத்திருப்பது மட்டுமே போலிக்குச் சான்றாகாது, ஏனெனில் சிங் ஆட்சியின் பிற்காலத்தில் அரசே எடையைக் குறைத்தது. காந்தம் ஒட்டினால் போலி என்பதும் தவறு. சோங் அரசு இரும்பிலும் காசு வார்த்தது. மாறாக, சிங்குக்கு முந்திய மரபான மிங் காலத்தின் இடைப்பகுதி வரை வெண்கலமே வழக்கம் என்பதால், பளிச்சென்ற மஞ்சள் பித்தளையில் உள்ள சோங் காசைச் சந்தேகிக்கலாம். சிவப்புக் கயிற்றில் கட்டி பெங் சுயி (சீன வாஸ்து) பொருளாக விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை அண்மைக்கால வார்ப்புகளே.

விலைக்கு ஆதாரமாக விற்பனைத் தளங்களில் கேட்கப்படும் தொகையை எடுத்துக்கொள்ளாமல், ஏலங்களில் உண்மையில் முடிந்த தொகையையே பார்க்க வேண்டும். அதுவும் அதே வார்ப்புச்சாலை, அதே எழுத்து வடிவம், அதே நிலையில் உள்ள காசுக்கு முடிந்த தொகையாக இருக்க வேண்டும். இந்தியாவில் இருப்பவர்கள் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறாண்டு கடந்த நாணயம் தொல்பொருளாகும். அதைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை உள்ளதால், அயல்நாட்டு ஏலத்துக்கு அஞ்சலில் அனுப்ப முற்படாமல், இந்தியத் தொல்லியல் துறையிடம் முதலில் விவரம் கேட்டறிய வேண்டும்.