மீஸின் கறுப்புக் கோபுரங்களைப் படம் பிடிப்பது எப்படி?

நவீனக் கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோஹேயின் கட்டடங்களில் அலங்காரமே கிடையாது. எஃகு, கண்ணாடி, நேர்கோடு, அவ்வளவுதான். அதனால் கோடு சாய்ந்தால் படமே போச்சு. சிகாகோவில் லேக் ஷோர் டிரைவ் 860, 880 என்ற இரட்டைக் கோபுரங்களில் தொடங்குங்கள். 1951-இல் கட்டி முடித்தவை. 26 மாடிகள்தான் என்பதால் ஃபிரேமுக்குள் அடக்குவது எளிது.

படி 1: நடங்கள்

கேமராவை எடுக்கும் முன் இரண்டையும் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். முகப்பு முழுக்க ஐ-பீம்கள் (I எழுத்து வடிவ எஃகுச் சட்டங்கள்) வரிசையாக மேலேறும். இவை கட்டடத்தைத் தாங்குபவை அல்ல. தாங்கும் எஃகுத் தூண்களைத் தீ விதிகளுக்காகக் கான்கிரீட்டில் பொதிந்துவிட்டார்கள். மறைந்த எஃகை வெளியே காட்டத்தான் மீஸ் இவற்றை முகப்பில் வெல்டிங் செய்து பொருத்தினார். நேர் எதிரே நின்றால் இவை மெல்லிய கோடுகள், கண்ணாடிதான் கண்ணில் படும். பக்கவாட்டில் நகர நகர பீம்கள் ஒன்றோடொன்று நெருங்கி, கண்ணாடி மறைந்து, சுவரே எஃகாகிவிடும். கோபுரங்கள் செங்கோணத்தில் நிற்பதால், ஒன்று கண்ணாடியாகவும் மற்றது எஃகாகவும் தெரியும் இடம் அமையும். அதைத் தேடிப் பிடியுங்கள். என்னைக் கேட்டால் பாதி வேலை இதுதான். உள்ளே மக்கள் குடியிருக்கிறார்கள், நடைபாதையிலேயே நில்லுங்கள்.

படி 2: மட்டம்

கேமராவை அண்ணாந்து பிடித்தால் கோபுரம் பின்னால் சாயும். திரையில் கட்டக்கோடுகளைப் போட்டு, கேமராவை மட்டமாக வையுங்கள். உச்சி அடங்கவில்லையா? படம் நெட்டுவாக்கில் வருமாறு கேமராவைத் திருப்பிப் பிடித்து இன்னும் பின்னால் போங்கள். கீழே மிஞ்சும் தரையை அப்புறம் வெட்டிக்கொள்ளலாம்.

படி 3: கறுப்பைக் கறுப்பாக

ஃபிரேம் நிறையக் கறுப்பு இருந்தால் கேமரா அதைச் சாம்பலாக வெளுக்கப் பார்க்கும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) -0.7 அளவுக்குக் குறையுங்கள். வானம் பெரிதாக இருந்தால் நேர்மாறு: கட்டடம் நிழலுருவாகும், கொஞ்சம் கூட்டுங்கள்.

படி 4: வெயில்

கிழக்கே மிச்சிகன் ஏரியைப் பார்க்கும் முகப்புக்குக் காலை வெயில். சூரியன் சுவரை உரசிக்கொண்டு விழும் நேரத்தில் ஒவ்வொரு பீமும் கண்ணாடிமேல் நிழல் போடும், ஆழம் தெரியும். மேகமூட்டத்தில் இது கிடைக்காது.

கை பழகியதும் நகர மையத்தில் மீஸின் ஃபெடரல் சென்டர் என்ற அரசு அலுவலக வளாகத்துக்குப் போங்கள். அங்கே சிற்பி அலெக்ஸாண்டர் கால்டரின் 53 அடிச் சிவப்பு ஃபிளமிங்கோ சிற்பம் உண்டு. அதன் வளைவுகளுக்குள் கறுப்பு முகப்பு வருமாறு குனிந்து நில்லுங்கள். ஆனால் அங்கும் கேமரா மட்டம்தான்.