கடலோரத்தில் புகையறை கட்டுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உப்புக்கண்டமும் கருவாடும் வெயிலில் காய்ந்தே பழகிய கரை நம்முடையது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெயிலை நம்ப முடியாது. அதனால் கொல்லையில் செங்கல்லில் ஒரு புகையறை கட்டிக்கொண்டால் ஆட்டுக்கறி, கோழி, சூரை மீன் எல்லாவற்றையும் மழைக்காலத்திலும் புகை போடலாமே என்று இப்போது பலர் இறங்குகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் ராமநாதபுரம் கரையில் தேவிபட்டினத்திலிருந்து ஏர்வாடி வரை எந்தப் புது அறையைப் போய்ப் பார்த்தாலும், நாங்கள் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகள். கதவு இடுக்கில் புகை கசிவது, கொக்கி கோணலாக இருப்பது இதெல்லாம் ஒரு மதியத்தில் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

கடற்கரை மணல்

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. "சின்ன அறைதானே, இதுக்குப் போய் எம்-சாண்ட் இறக்கணுமா?" என்று சொல்லிவிட்டுக் கரையிலிருந்து சாக்கில் மணல் அள்ளி வருகிறார்கள். கலவைக்குக் கொல்லைக் கிணற்று உப்புத் தண்ணீர். கரை மணலை அள்ளுவதே கடலோர ஒழுங்குமுறை விதிகளின்படி தடை. அது ஒரு பக்கம் இருக்க, அந்த மணலில் எழுப்பிய சுவர் காயவே காயாது.

காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால், சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்போடு சேர்ந்து வரும் மக்னீசியம் குளோரைடு அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே இழுத்துக்கொள்ளும். நம் கரையில் ராத்திரி ஈரப்பதம் 75-க்கு மேல் போவது சாதாரணம். குடியிருக்கிற வீட்டில் இது வெறும் ஓதம். சுண்ணாம்பு உரிந்தால் திரும்ப அடித்துக்கொள்வோம். புகையறையில் அப்படி இல்லை. விறகுப் புகையில் நீராவியும் தாரும் இருக்கின்றன. ஈரம் ஏறிக் குளிர்ந்த சுவரில் அவை பட்டதும் கறுப்பு நீராகத் திரண்டு வழியும். கூரையில் திரண்டது கீழே தொங்கும் கறிமேல் சொட்டும். சொட்டு விழுந்த துண்டு கசக்கும், கழுவினாலும் போகாது.

அப்புறம் சூடு. தீ மூட்டும்போது சுவரின் ஈரம் ஆவியாகி, உப்பு மட்டும் செங்கல்லின் துளைகளில் படிகமாகத் தங்கும். ராத்திரி மறுபடி ஈரம் இழுக்கும். அடுத்த தீயில் மறுபடி படியும். ஒவ்வொரு முறையும் படிகம் வளர்ந்து செங்கல்லின் முகத்தை உள்ளிருந்து தள்ளும். வீட்டுச் சுவரில் மெல்ல நடக்கிற அரிப்பு இங்கே வேகமாக நடக்கும். மேல் ஸ்லாபில் கம்பி இருந்தால் அது துருவேறிப் பருத்துக் கான்கிரீட்டைப் பிளந்துவிடும்.

தொண்டிப் பக்கம் ஒரு அண்ணன் ஆசையாகக் கட்டிய அறை, பொங்கல் வருவதற்குள் உள்பக்கம் பொரிந்து கொட்டிவிட்டது. "சிமெண்டைக் கூட்டிப் போட்டு மேலே பூசினா நிக்குமா?" என்று கேட்டார். நிற்காது. உப்பு உள்ளேயே இருந்துகொண்டு புதுப் பூச்சையும் தள்ளிவிடும். "இடிச்சுத்தான் ஆகணும்ணே" என்று சொல்ல வேண்டியதாயிற்று. செங்கல்லையாவது மீட்கலாம் என்று பார்த்தால், அதுவும் உப்பைக் குடித்திருந்தது. அவர் மிச்சப்படுத்தியது ஒரு லோடு மணலின் காசு. இழந்தது செங்கல், சிமெண்ட், கூலி, ஒரு மழைக்காலம். அந்தக் கொத்தனாராவது தடுத்திருக்க வேண்டும்.

"மழையில் நனைஞ்ச மணல்தான், உப்பு போயிருக்கும்" என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள். மேல் அடுக்கில் போயிருக்கலாம், நீங்கள் அள்ளுவது அதற்கும் கீழே. ஆற்று மணல் அல்லது எம்-சாண்ட் வாங்குங்கள். கலவையும் செங்கல் நனைப்பதும் குடிக்கிற தண்ணீரில்தான். கலவைத் தண்ணீரில் குளோரைடு எவ்வளவு இருக்கலாம் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 சொல்கிறது: கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம், கம்பி இல்லாததற்கு 2000. கடல்நீரில் இருப்பது சுமார் 19,000. கிணற்று நீர் நாக்கில் கரித்தால் அதைத் தொடவே வேண்டாம்.

பழைய வீடு இடித்த பவளக்கல்லும் வேண்டாம். அதுவும் உப்பு ஊறிய கல். தவிர அது சுண்ணாம்பு. தணல் படும் இடத்தில் நீறிப்போகும்.

அடுப்பு வாயில் சிமெண்ட் கலவை

தீ நேராகப் படுகிற இடத்தில் சிமெண்ட் 400, 500 டிகிரியில் பிடியை விட்டுவிடும். அங்கே மட்டும் கண்மாய்க் களிமண்ணும் மணலும் குழைத்து, செங்கல் இணைப்புகளை மெல்லியதாக வைத்துக் கட்டுங்கள். மற்ற இடத்தில் சிமெண்ட் சரி. கட்டி முடித்த வாரமே பெருந்தீ மூட்டாதீர்கள். நன்றாக ஆறவிட்டு, சின்னத் தீயாக ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

தீக்கு நேர் மேலே கறி

கொழுப்பு உருகித் தீயில் விழுந்து கரும்புகையாக எழும். பென்சோபைரீன் போன்ற புற்றுநோய்ப் பொருள்கள் அதில்தான் அதிகம். அடுப்பை அறைக்கு வெளியே தள்ளிக் கட்டி, தரையோடு ஒரு புகைவழி விடுங்கள். அது அறையை நோக்கி ஏறிப்போக வேண்டும். இறங்கினால் புகை திரும்பி அடுப்பு வாயாலேயே வரும்.

கச்சானை (மேல்காற்றை) பார்த்த அடுப்பு வாய்

வேண்டாம், காற்றில் தீப்பொறி பறக்கும். பக்கத்தில் ஓலைக் கூரை இருந்தால் அறையே வேண்டாம்.

விறகு

சீமைக்கருவேலம் நம் மாவட்டத்தில் கொட்டிக் கிடக்கிறது. அமெரிக்காவில் கறி புகைக்கப் பேர்போன மெஸ்கீட் இதே இனத்து மரம்தான். நன்றாகக் காய்ந்த கட்டை மட்டும்; பச்சைக் கட்டையின் வெள்ளைப் புகை கறியைக் கசக்க வைக்கும். அரளிக் குச்சி ஒன்றுகூடக் கலக்கக் கூடாது, அது விஷம்.

வல்லத்து (படகு) பழைய பலகை

எரிக்காதீர்கள். பெயிண்டும் தாரும் கறியில் இறங்கும்.

ஜி.ஐ. கம்பி

அதன் மேல் இருப்பது துத்தநாகப் பூச்சு, கறியில் படக் கூடாது. கறி தொங்கவிட எவர்சில்வர் போடுங்கள்.

குளிர்புகை ஆசை

வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டுப் பச்சைக் கறியைத் தீயில்லாமல் நாள்கணக்கில் புகையில் தொங்கவிடுகிறார்கள். அந்த முறைக்கு அறை 30 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். நம் ஊரில் பெரும்பாலான மாதங்களில் பகல் நிழலே அதைத் தாண்டிவிடும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிடக்கிற கறியில் கிருமி பெருகிக்கொண்டே இருக்கும். வெளியே பொன்னிறமாகத் தெரிவதால் உள்ளே கெட்டது தெரியாது. இங்கே சூடான புகைதான் போட வேண்டும். முதலில் உப்புநீரில் ஊறவைத்து, மேல் ஈரம் உலர்ந்த பிறகு உள்ளே தொங்கவிடுங்கள். கறி வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, தடித்த துண்டின் நடுவில் குத்திப் பாருங்கள்: மீன் என்றால் 63 டிகிரியில் அரைமணி நேரம் நிற்க வேண்டும், கோழி 74 தொட வேண்டும். ஆறியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். புகை போட்டாகிவிட்டது என்று கருவாடு மாதிரி உறியில் தொங்கவிடக் கூடாது.